டெண்டரைக் கொடுக்காத ஆணைக்குழு: தேசிய பெறுகை ஆணைக்குழுவின் வேலை என்ன, அதில் இருப்பவர்கள் யார்?

என் சித்தப்பா சிறிய ஒப்பந்தக்காரர். மதகு, மதில், பாடசாலை மலசலகூடம், உள்வீதிக்குக் கொங்கிறீட். அவ்வளவுதான் அவருடைய தொழில். அண்மையில் ஒரு பிரதேச சபையில் டெண்டர் திறக்கும் நாளன்று அவரோடு போயிருந்தேன். எந்தச் சபை என்பது இங்கே தேவையில்லை. மேசை மீது இரண்டு பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. அதற்குப் பின்னால் இரண்டு உத்தியோகத்தர்கள். பிற்பகல் 2 மணிக்குப் பெட்டியைத் திறந்து, ஒவ்வோர் உறையாகக் கிழித்து, பெயரையும் தொகையையும் உரக்க வாசித்தார்கள். பத்து நிமிடம் பிந்தி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்த ஒருவரின் உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். அது சரியான நடைமுறை. விதி அப்படித்தான் சொல்கிறது.

வந்தவை நான்கு. சித்தப்பாவின் தொகை ஆகக்குறைந்தது. இரண்டு மாதம் கழித்து, வேலை மூன்றாவது இடத்தில் இருந்தவருக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டோம். காரணத்தை யாரும் சொல்லவில்லை.

"தம்பி, கொழும்பில் பெறுகை ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறதாமே. அதற்கு எழுதினால் வேலையை எனக்கு மாற்றித் தருவார்களா?" என்று கேட்டார்.

மாட்டார்கள். ஆனால் அதற்கு எழுதிப் பயனே இல்லை என்பதும் சரியல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த ஆணைக்குழு எங்கே நிற்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், எதை அதனிடம் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். 'பெறுகை' என்பது அரசு காசு கொடுத்து எதையும் பெற்றுக்கொள்வது. பொருள், சேவை, கட்டட வேலை, ஆலோசனைச் சேவை, கணினித் தகவல் முறைமை எல்லாம் இதில் அடக்கம். பத்திரிகையில் 'கேள்வி கோரல்', 'விலைமனுக் கோரல்' என்று வரும் அறிவித்தல்கள் அதன் ஒரு கட்டம் மட்டுமே. என்ன வேண்டும் என்று திட்டமிடுவதில் தொடங்கி ஒப்பந்தம் முடியும் வரை உள்ள முழுப் பாதைக்கும் பெறுகை என்றே பெயர்.

இந்தப் பாதைக்கு விதி எழுதுவதும், அந்த விதிப்படி எல்லோரும் நடக்கிறார்களா என்று கண்காணிப்பதும்தான் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் வேலை. டெண்டரைக் கோருவது அந்தந்த நிறுவனம். விலைமனுக்களை ஆராய்வது தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது பெறுகைக் குழு. பெரிய தொகை என்றால் விடயம் அமைச்சரவை வரை போகும். இந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் ஆணைக்குழு கையெழுத்து வைப்பதில்லை.

அரசியலமைப்பில் 156ஆ உறுப்புரையிலிருந்து தொடங்கும் பகுதி இதற்கானது. பெறுகை நடைமுறைகள் நியாயமானவையாக, சமத்துவமானவையாக, ஒளிவுமறைவற்றவையாக, போட்டித்தன்மையுள்ளவையாக, செலவுச் சிக்கனமுள்ளவையாக இருக்கும்படி வழிகாட்டல்களை ஆக்க வேண்டும். அவற்றை வர்த்தமானியில் வெளியிட வேண்டும். வெளியிட்டு மூன்று மாதத்துக்குள் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஏறக்குறைய இரு தசாப்தமாக நாட்டை ஆண்டது 2006ஆம் ஆண்டின் வழிகாட்டல். ஆணைக்குழு ஆக்கிய 2024ஆம் ஆண்டின் புதிய வழிகாட்டல் 2025 ஜனவரி 1ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது.

கண்காணிப்புப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொள்வனவுகள் முன்கூட்டியே அங்கீகரித்த செயற்றிட்டத்தின்படி தயாரித்த பெறுகைத் திட்டத்தை ஒட்டி நடக்கின்றனவா? தகுதியுள்ள எல்லோருக்கும் பங்குபற்றச் சம வாய்ப்புக் கிடைத்ததா? ஒப்பந்தக்காரரைத் தெரிவுசெய்த முறை நியாயமானதா? பெரிய தொகைக்கான பெறுகைக் குழுவிலும் மதிப்பீட்டுக் குழுவிலும் இருப்பவர்களுக்கு அதற்குரிய தகைமை இருக்கிறதா? இவற்றைப் பார்த்து உரிய அதிகாரிகளுக்கு அறிக்கையிட வேண்டும். நடைமுறைக்கு வெளியே நடந்த கொள்வனவு என்று முறைப்பாடு வந்தால் விசாரித்து, பொறுப்பான உத்தியோகத்தர் யார் என்பதை உரிய இடத்துக்கு அறிவிக்க வேண்டும். எவரையும் எழுத்து மூலம் அழைத்துக் கேள்வி கேட்கலாம்; ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லலாம்.

'அறிக்கையிட வேண்டும்', 'அறிவிக்க வேண்டும்' என்ற வினைச்சொற்களைக் கவனியுங்கள். 'நிறுத்தலாம்', 'இரத்துச் செய்யலாம்', 'தண்டிக்கலாம்' என்று எழுதப்படவில்லை. நடவடிக்கை எடுக்கும் கை வேறு ஒருவருடையது. ஊழல் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இருக்கிறது. கணக்கில் பிழை என்றால் கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறார். அமைச்சரவை மட்டத் தீர்மானத்தில் மனக்குறை என்றால் அதற்கு மேன்முறையீட்டுச் சபை ஒன்று தனியாக உண்டு. ஆணைக்குழுவின் பலம் அது கேட்கும் கேள்வியில்தான். அதனால்தான் அங்கே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விடயமாகிறது. ஆணை போடும் அதிகாரம் உள்ள கதிரையில் யார் இருந்தாலும் ஆணை ஆணைதான். கேள்வி கேட்பது மட்டுமே வேலையான கதிரையில் கேட்கத் தெரியாதவரோ கேட்கப் பயப்படுபவரோ இருந்தால் அது வெறும் கதிரை.

உறுப்பினர்கள் ஐந்து பேர். பெறுகை, கணக்கியல், சட்டம், பொது நிர்வாகம் ஆகிய துறைகளில் நிரூபிக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் அவர்களில் குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும். பட்டியலில் பொறியியல் இல்லை என்பதைச் சித்தப்பா உடனே பிடித்துக்கொண்டார். பாலமும் வீதியும் வாங்கும் நாட்டில் அது விடுபட்டது எனக்கும் விநோதமாகவே இருக்கிறது. மீதி இரண்டு இடங்களில் ஒரு பொறியியலாளரை அமர்த்தத் தடை ஏதும் இல்லை என்பது ஓர் ஆறுதல். பதவிக்காலம் மூன்று வருடம்.

நியமிப்பவர் ஜனாதிபதி. ஆனால் தான் நினைத்தவரை அவர் நியமிக்க முடியாது. அரசியலமைப்புப் பேரவை விதந்துரைத்தவர்களைத்தான் நியமிக்க வேண்டும், தவிசாளரும் அப்படியே. பேரவையில் பத்துப் பேர். சபாநாயகர் தலைமை தாங்குவார். பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் பதவி வழியாக இருப்பார்கள். மற்றவர்கள் ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு, ஏனைய கட்சிகள் ஆகியவற்றிலிருந்தும் பாராளுமன்றத்துக்கு வெளியிலிருந்தும் வருவார்கள். விதந்துரைக்கும்போது நாட்டின் பன்மைத்தன்மையும் பால் சமநிலையும் தெரியும்படி முயல வேண்டும் என்பது பேரவைக்கு இடப்பட்ட கடமை. டெண்டரால் வாழும் அல்லது டெண்டரால் பெயர் எடுக்கும் அரசாங்கம், தன்னைக் கண்காணிப்பவர்களைத் தானே பொறுக்கியெடுக்கக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் உள்நோக்கம்.

அந்த நோக்கம் எவ்வளவு எளிதில் கலைக்கப்பட்டது என்பதற்கு ஆணைக்குழுவின் சாதகத்தைப் பார்த்தாலே போதும். 2015இல் 19ஆம் திருத்தத்தோடு பிறந்தது. 2020 ஒக்டோபரில் 156க்கு 65 என்ற வாக்குகளில் நிறைவேறிய 20ஆம் திருத்தம் அதை அரசியலமைப்பிலிருந்து எடுத்துவிட்டது. 2022 ஒக்டோபர் 21ஆம் திகதி 179 பேர் ஆதரித்து, ஒருவர் மட்டும் எதிர்த்த 21ஆம் திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. எடுத்தபோதும் கொடுத்தபோதும் இருந்தது ஒரே பாராளுமன்றம்.

இல்லாத அந்த இரண்டு வருடத்தில்தான் சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிவந்த கப்பல் விவகாரம் நடந்தது. மாதிரிகளில் தீங்கான பக்டீரியா இருப்பதாகச் சொல்லிச் சரக்கை ஏற்க மறுத்தார்கள். கப்பல் கடலில் வாரக்கணக்காக அலைந்தது. கடைசியில் 2022 ஜனவரியில் அரச வங்கி ஒன்று டொலரில் பணத்தைக் கட்டியது. டொலருக்கு நாடு திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆணைக்குழு இருந்திருந்தால் இது நடந்திராது என்று எழுத எனக்கு ஆசைதான். எழுத மாட்டேன். ஏனென்றால் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது 2023இல், ஆணைக்குழு மீண்டும் அரசியலமைப்பில் ஏறிய பிறகு. முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதானார். விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. 'அவசரம்' என்ற ஒரு சொல் போட்டியை எவ்வளவு சுருக்கிவிடும் என்று அப்போது நாடே பேசியது.

இன்னொரு பலவீனமும் உண்டு. வழிகாட்டல் என்பது வழிகாட்டல்தான். பாராளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. பெறுகைக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டம்பரில் வெளியான தனது ஆட்சிமுறை மதிப்பீட்டு அறிக்கையில் பரிந்துரைத்ததற்குக் காரணம் இதுதான்.

எந்த நிறுவனங்களுக்கு இந்த வழிகாட்டல் பொருந்தும் என்று பலர் கேட்கிறார்கள். அமைச்சு, திணைக்களம், அரச கூட்டுத்தாபனம், மாநகர சபை முதல் பிரதேச சபை வரையான உள்ளூராட்சி மன்றங்கள், அரசு அல்லது அவற்றில் ஒன்று 50 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் கம்பனி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

சரி, சித்தப்பா என்ன செய்வது? "எனக்குத் தரவில்லை" என்று ஆணைக்குழுவுக்கு எழுதினால் அது புலம்பல். "இன்ன விதி மீறப்பட்டது" என்று எழுதினால் முறைப்பாடு. விவரக்குறிப்பில் ஒரே ஒரு நிறுவனத்தின் தயாரிப்புப் பெயரைப் போட்டு, 'அல்லது அதற்கு இணையான' என்பதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் அது முறைப்பாடு. மேலிடத்துக்குப் போகாமல் இருக்க ஒரே வேலையை இரண்டு மூன்று துண்டாக உடைத்திருந்தால் அதுவும் முறைப்பாடுதான். விலை குறைவு என்பது மட்டும் காரணமாகாது. தெரிவாக வேண்டியது வாசித்தபோது குறைவாக இருந்த தொகை அல்ல. நிபந்தனைகளை நிறைவுசெய்தவற்றில், மதிப்பிட்டுப் பார்த்தபின் ஆகக்குறைந்தது. கூட்டல் பிழைகளைத் திருத்தும்போதே வரிசை மாறிவிடலாம்.

ஆகவே முதலில் தகவல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தச் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம் கொடுத்தோம். 14 வேலை நாளுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். திறந்த நாளின் அறிக்கை, மதிப்பீட்டு அறிக்கை, நிராகரித்ததற்கான காரணம் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டோம். "டெண்டர் விபரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

இரண்டு தாள் வந்தது. சித்தப்பாவின் பெயருக்கு நேரே: விலைமனுவோடு கொடுத்த வங்கிப் பிணைமுறியின் செல்லுபடிக் காலம் 11 நாள் குறைவு. அவர் பழைய பிரதியை எடுத்துத் திகதிகளை விரலில் எண்ணிப் பார்த்தார். உண்மைதான். ஒன்றும் பேசாமல் அடுத்த தாளைப் புரட்டினார். இரண்டாவதாகக் குறைந்த தொகை போட்டவரின் பெயருக்கு நேரே 'நிராகரிக்கப்பட்டது' என்று இருந்தது. காரணம் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது.

"இந்தத் தம்பியின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது" என்று சொல்லி மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.