பிளாங்டன்: மிதவை உயிரி

பிளாங்டன் என்னும் பெயரை 1887இல் உருவாக்கியவர் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் விக்டர் ஹென்சன். அலைந்து திரிவது என்று பொருள்படும் 'பிளாங்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லே இதன் மூலம். நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லும் வலுவின்றி அதன் போக்கிலேயே கொண்டுசெல்லப்படும் உயிர்கள் எல்லாம், பெரிய ஜெல்லிமீன்கள் உட்பட, இப்பெயருக்குள் அடங்கும். வாழும் முறையையே பெயர் குறிப்பதால் 'மிதவை உயிரி' என்பதே சரியான தமிழ். 'நுண்மிதவை' என்று வழங்கினால் மூலத்தில் இல்லாத அளவு வரம்பு ஒன்று வந்து சேர்ந்துவிடும். ஒளிச்சேர்க்கை செய்பவை தாவர மிதவை உயிரிகள், பிறவற்றை உண்பவை விலங்கு மிதவை உயிரிகள்.

வீட்டுப் பவளத்தொட்டிக்கு உயிருணவு தேர்ந்தெடுப்போர் இவ்வரையறையை மனத்தில் கொள்வது மிகவும் நல்லது. 'கோப்பிபாட்' (இறால் வகையைச் சேர்ந்த மிகச் சிறிய ஓட்டுயிரி) என்ற பெயரில் விற்கப்படும் டிஸ்பே என்னும் வகை, வளர்ந்தபின் பெரும்பாலும் பாறையிலும் கண்ணாடியிலும் ஊர்ந்து திரியும். பாறையில் ஊரும் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்னும் மாண்டரின் மீனுக்கு அது மிகப் பொருத்தம், ஆனால் நீரில் மிதந்து வரும் இரைக்காகக் உணர்விரல்களை நீட்டிக் காத்திருக்கும் பவளத்துக்கு அதனால் பெரும்பயன் இல்லை. அத்தகைய பவளத்துக்கும் சிறுவாய் மீன்குஞ்சுகளுக்கும் நீரின் நடுவே மிதக்கும் ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கு ஏற்றது. கடல்மீன் குஞ்சு வளர்ப்பில் பரவலாகப் பயன்படும் பிராக்கியோனஸ் என்னும் ரோட்டிஃபர் இனம் ஏறத்தாழ 100 முதல் 300 மைக்ரோமீட்டர் நீளமுடையது. ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் இளவுயிரி இதைவிடப் பெரிது. அது கடலில் அல்லாமல் உப்பேரிகளிலும் உப்பளங்களிலும் வாழ்வது. பொரிந்தவுடன் உடலில் இருக்கும் கருவுணவே அதன் சத்து. முதல் தோலுரிப்பு முடியும்வரை அது எதையும் உண்ணாது. அச்சேமிப்பும் நேரம் செல்லச் செல்லக் கரையும். எனவே பொரிந்த உடனே இட வேண்டும், அல்லது தோலுரித்தபின் பாசியும் கொழுப்பமிலமும் ஊட்டி இட வேண்டும்.

நானோகுளோராப்சிஸ் போன்ற தாவர மிதவை உயிரிகள் சில மைக்ரோமீட்டர் அளவே உள்ளவை. சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் அவற்றை வடித்துண்ணும். பெரும்பாலான கல்பவளங்களோ விலங்கு மிதவையையே பிடிக்கின்றன. ஆகவே தாவர மிதவை உயிரிகள் நிறைந்த பச்சை நீரை மட்டும் ஊற்றிவிட்டுப் பவளத்துக்கு உணவிட்டதாகக் கருதக் கூடாது. ரோட்டிஃபரையும் கோப்பிபாட்டையும் வளர்க்கும் தீவனமாக அதைக் கொள்வதே முறை. எதை இட்டாலும், நீரிலுள்ள கழிவை நுரையாக்கி அகற்றும் கருவியான நுரைப்பிரிப்பியைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, மெல்லிய நீரோட்டம் மட்டும் தொடருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். உண்ணப்படாமல் மடியும் உணவு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கூட்டுவதால், சிறிதளவில் தொடங்குவதே தொட்டிக்குப் பாதுகாப்பு.