மலை சைக்கிளின் பின்சக்கரம் எதைச் சுற்றி ஏறி இறங்குகிறது?

கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குள் செல்லும் மண்பாதைகளில் கல்லும் வேரும் அடுத்தடுத்து வரும். அங்கே ஓட்ட மலை சைக்கிள் தேடுபவர்கள், பின்பக்க ஷாக் அப்சார்பர் எவ்வளவு அமுங்கும் என்றே முதலில் கேட்கிறார்கள். சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பிரேமில் எந்த இடத்தில் மூட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அதைவிட முக்கியம்.

100 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின் சுமார் 6,000 வாட் தரும். பழகிய கால்கள் நெடுநேரம் தருவது 200 வாட் அளவுதான். அதில் சிறு பங்கு வீணானாலும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

பெடலை மிதிக்கும்போது எடை பின்னுக்குச் சாய்ந்து பின்பக்கம் அமுங்கப் பார்க்கிறது. மூட்டு சற்று உயரத்தில் இருந்தால், செயினின் இழுவிசையும் சக்கரத்தின் உந்துவிசையும் சேர்ந்து அந்த அமுங்கலை எதிர்க்கும். ஆனால் மூட்டை உயர்த்த உயர்த்த வேறொரு தொல்லை: சக்கரம் கல்லில் மோதி எழும்போது முன், பின் பல்சக்கரங்களுக்கு இடையிலான தூரம் கூடுகிறது. செயின் நீளாது, பெடலைப் பின்னோக்கி இழுக்கிறது. அந்த உதை பாதத்தில் தெரியும்.

இந்த முடிச்சைத் தளர்த்தியது நான்கு தண்டு இணைப்பு. இதில் சக்கரம் பொருத்தப்பட்ட தண்டை வேறு இரண்டு தண்டுகள் பிரேமோடு இணைக்கின்றன; பிரேமே நான்காவது தண்டு. இணைக்கும் அந்த இரண்டு தண்டுகளின் கோடுகளையும் நீட்டினால் அவை வெட்டும் புள்ளியைச் சுற்றியே சக்கரம் அக்கணத்தில் சுழல்கிறது. அங்கே ஆணியும் இல்லை, பேரிங்கும் இல்லை. சக்கரம் ஏற ஏற அந்தப் புள்ளியும் நகர்கிறது! மிதிக்கும் நிலையில் அமுங்கலைத் தடுக்கும்படியும், ஆழ அமுங்கும்போது செயினை அதிகம் இழுக்காதபடியும் அதன் பாதையை வகுக்கலாம். சைக்கிள் பொறியியலில் இதைவிட அழகான யோசனை எனக்குத் தெரியாது. 1990-களில் வடிவமைப்பாளர் ஹார்ஸ்ட் லைட்னர் பின் அச்சுக்குச் சற்று முன்னே, கீழ்த்தண்டில் வைத்த மூட்டு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ஷாக் அப்சார்பரில் உள்ள ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தரும். எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கி அதை வெப்பமாக்குவது டாம்பர். டாம்பர் இல்லாத மலிவான சஸ்பென்ஷனைவிட, பின்பக்கம் அசையாத நல்ல சைக்கிளே மேல்.

ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் 25 முதல் 30 சதவீதம் அமுங்குமாறு ஷாக் அப்சார்பரின் காற்றழுத்தத்தை அமைக்க வேண்டும். சக்கரம் 150 மி.மீ. நகரும் வண்டியில் அது சுமார் 40 மி.மீ. அப்போதுதான் சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைப் பிடிக்கும்; வடிவமைப்பாளர் கணக்கிட்ட புள்ளியும் உரிய இடத்தில் நிற்கும்.