பெரிய டயர் போடும் முன் மட்கார்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய கையோடு, "கம்பெனி டயரைக் கழட்டிட்டு பெருசா போட்டுடுங்கண்ணா" என்று வேலூரில் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் இப்போது நிறைய. மஹிந்திரா தாரும் மாருதி ஜிம்னியும்தான் அதிகம். டயர் விற்பதும் வீல் அலைன்மெண்ட் பார்ப்பதும் என் தொழில். பெரிய டயர் விற்றால் எனக்கு லாபம்தான். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது பெரிய டயர் அல்ல, வேறு பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகளின் அமைப்பு) உள்ள டயர். வாங்கும் முன்பே இது தெரிந்துவிட்டால் பணமும் மிஞ்சும், மலையில் ஆபத்தும் குறையும்.

வண்டி எங்கே ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்பேன். வாரம் முழுக்க ஊருக்குள், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை சென்னைக்கோ பெங்களூருக்கோ நான்கு வழிச் சாலையில், லீவு விட்டால் ஏலகிரி, இல்லையென்றால் ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர். பத்தில் ஒன்பது பேரின் பதில் இதுதான். இதற்கு ஏ.டி. என்கிற ஆல் டெரெய்ன் பட்டன் தாராளமாகப் போதும். மட் டெரெய்ன் பட்டனைச் சேறு குழம்பிய தோப்புப் பாதையில் தினமும் இறங்குகிறவர்களுக்குத்தான் நான் சொல்வேன். அந்தப் பெரிய பட்டன் மழை நனைத்த தார் ரோட்டில் பிடிப்புக் குறைவு, பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும். ஹைவேயில் இரைச்சலும் அதிகம்.

சரி, அளவுக்கு வருவோம். தாரின் 18 இன்ச் டயரில் 255/65 ஆர் 18 என்று எழுதியிருக்கும். 255 என்பது மில்லிமீட்டரில் அகலம். அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 166 மி.மீ. இதை இரண்டால் பெருக்கி 18 இன்ச் ரிம்மைச் சேர்த்தால் மொத்த விட்டம் ஏறக்குறைய 789 மி.மீ. ஆசைப்பட்டு 285/70 ஆர் 17 போட்டால் விட்டம் 831 மி.மீ. ஆகிவிடும். 42 மி.மீ. கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதி, 21 மி.மீ. மட்டும்தான். இந்த இரண்டு சென்டிமீட்டருக்காக விட்டம் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது, பழைய டயரில் ஓடியதைவிடச் சுமார் 4 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். 10,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டினால் 500-க்கு மேல் அதில் கணக்கில் ஏறாமல் போயிருக்கும். 'டயர் மாத்துனதுல இருந்து மைலேஜ் அடி வாங்குது' என்று வருகிறவர்களின் குறையில் ஒரு பங்கு இந்த மீட்டர் கணக்கு. மீதி, டயரின் எடையும், டயர் பெரிதானதால் ஒரு கியர் மேலே போட்டது போல எஞ்சின் இழுக்கச் சிரமப்படுவதும். அதே தாருக்கு 265/70 ஆர் 17 என்றால் விட்டம் 803 மி.மீ., இரண்டு சதவீதத்துக்குள் நின்றுவிடும். மூன்று சதவீதத்தைத் தாண்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

ஜிம்னிக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கம்பெனி அளவு 195/80 ஆர் 15, ரிம் அகலம் ஐந்தரை இன்ச். 215/75 ஆர் 15 அந்த ரிம்மில் உட்காரும், விட்டமும் ஒன்றரை சதவீதம்தான் கூடும். 235/75 ஆர் 15-க்கோ குறைந்தது ஆறு இன்ச் ரிம் வேண்டும். பழைய ரிம்மிலேயே மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறுகிய ரிம்மில் டயரின் நடுப்பகுதி புடைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் பக்கச் சுவர் ஆடும்.

டயர் உரசுகிற விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். "எறங்குறப்ப முன்னாடி கர்ருன்னு ஒரு சத்தம் வருதுண்ணா, பிரேக் பேடு தேஞ்சிருக்கும் போல" என்று ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்தார். வேறு இடத்தில் டயர் மாற்றியிருந்தார். பேடு நன்றாகவே இருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டார்ச் அடித்து மட்கார்டுக்குள் பார்த்தேன். பிளாஸ்டிக் லைனரின் பின்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. விரலால் துடைத்தால் கறுப்பாக ரப்பர் தூள். டயரின் உள்ளோரப் பட்டன்களின் முனை மழுங்கியிருந்தது. லைனர் கிளிப் ஒன்று பிய்ந்து தொங்க, அதன் பின்னால் போகிற ஒயரில் டயர் படுவதற்கு ஒரு விரல் இடைவெளிகூட இல்லை.

டயர் மாட்டிய இடத்தில் வண்டி சமதளத்தில் காலியாக நின்றிருக்கும், எதுவும் முட்டியிருக்காது. மலை இறக்கத்தில் எடை முழுக்க முன்பக்கம் சாய்கிறது, பிரேக் அழுத்த முகப்பு இன்னும் தாழ்கிறது, உள்ளே நான்கைந்து பேர், ஸ்டியரிங் முழு ஒடிப்பில். அப்போதுதான் முட்டும். அதனால் மாட்டியவுடன் முன் சக்கரம் ஒன்றை உறுதியான ராம்ப் மேல் ஏற்றி, வீட்டு ஆட்களை உள்ளே உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிவர்ஸிலும் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் லைனரை வெட்டுவதோ, ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தடித்த வளையம் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளுவதோ வழியல்ல. ஸ்பேசர் போட்டால் வீல் பேரிங்குக்கும் பால் ஜாயிண்டுக்கும் சுமை கூடும்.

பிரேக்கும் இதோடு சேர்ந்ததுதான். டயர் உயர உயர, அதே டிஸ்க்கும் அதே பேடும் அதிக நெம்புவிசையை அடக்க வேண்டும். 33 இன்ச் விட்டமுள்ள மட் டெரெய்ன் டயர் ஒன்று 25 கிலோவுக்கு மேலும் இருக்கும், அந்த எடையும் சுழல்கிறது. ஏறும்போது எஞ்சின் திணறுவதைக் காது சொல்லிவிடும். பிரேக் தளர்வது இறக்கத்தில்தான் தெரியவரும்.

கல்லிலும் மணலிலும் பிடிப்பு வேண்டும் என்றால், செலவே இல்லாத வழி காற்றைக் குறைப்பது. ஜவ்வாது மலையின் கப்பி ரோட்டில் 25 பி.எஸ்.ஐ., நல்ல மணலில் 18 முதல் 20. டயர் தரையில் பரந்து உட்காரும். கம்பெனி டயரே வேறு டயர் போல ஏறும். வேகத்தை மட்டும் 30-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் அங்கேயே காற்றடிக்க வேண்டும், அதற்கு ஒரு சின்ன கம்பிரசர் வண்டியில் இருக்கட்டும். எங்கள் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் குறைந்த காற்றோடு ஹைவேயில் 100-ல் போனால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிக் கொதித்து வெடிக்கும். காலையில் டயர் ஆறியிருக்கும்போதே காற்றைப் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டுகிறது என்று இறக்கிவிடாதீர்கள்.

அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை யாரும் கேட்பதில்லை. 109 என்றால் ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோதான். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் ஓனர் மேனுவலையும் பார்த்து, கம்பெனி டயரில் இருந்த எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதியும் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உங்கள் மாடலின் வேறொரு வேரியண்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் நின்றுவிட்டால் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் தகராறு வராது.

மாற்றுவதென்று முடிவானால் ஐந்தையும் மாற்றுங்கள். நான்கு புதிதும் ஸ்டெப்னி பழைய அளவும் என்று வைத்திருந்து, மலையில் பஞ்சர் ஆகி ஸ்டெப்னியை மாட்டி, அப்படியே 4 ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு ஓட்டினால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். அந்த இழுபறி முழுக்க, இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் இறங்கும். அப்படி மாட்ட நேர்ந்தால் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் 2 ஹையிலேயே மெதுவாக இறங்கி வாருங்கள். பெரிய ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும் வண்டிகளில் கீல் தளர்கிறதா என்று கதவைத் தூக்கிப் பாருங்கள். மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒரு முறை இறுக்கி, அலைன்மெண்ட்டும் பார்த்துவிடுங்கள்.