திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்பு

அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர். மூன்றும் சேர்ந்தால் ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று நோயாளியே தீர்ப்பு எழுதிக்கொண்டு வருகிறார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. குடலில் வாழும் ஈ.கோலை கிருமி சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுவதுதான் வழக்கமான காரணம். ஆன்டிபயாடிக் முடிந்து சில வாரங்களில் அதே தொல்லை திரும்பினால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அப்படி வருபவரின் கோப்பில் நான் முதலில் தேடுவது கல்ச்சர் அறிக்கையை, அதாவது சிறுநீரை வைத்து அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையின் முடிவை. மருந்துச் சீட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். அது மட்டும் இருக்காது. இருந்தாலும், மாத்திரை இரண்டு வேளை உள்ளே போன பிறகு கொடுத்த சிறுநீராக இருக்கும். மருந்து தொடங்கும் முன்பே, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். 6 மாதத்தில் 2 முறையோ ஓர் ஆண்டில் 3 முறையோ தொற்று உறுதியானால், சர்க்கரை, கல், சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்குவது ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும்.

கிருமியே வளரவில்லை என்றால், வலி எங்கே என்பதைவிட எப்போது என்றுதான் துருவிக் கேட்பேன். சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்பக் கூடி, கழித்ததும் தணிகிறதா? வாரக்கணக்கில் இப்படி நீடித்தால் சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதைத் தீர்க்காது. மாதவிலக்கை ஒட்டி வந்து போகிறதா? கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற எண்ணம் எழ வேண்டும். ‘பெண்களுக்கு இதெல்லாம் சகஜம்’ என்ற பேச்சே அதைப் பல ஆண்டுகள் மறைத்துவிடுகிறது. விலாவில் கிளம்பித் தொடையிடுக்குவரை இறங்கி, உட்காரவும் படுக்கவும் விடாமல் அலைக்கழித்தால் கல்லைச் சந்தேகிக்கலாம். மலச்சிக்கலையும் கேட்பேன், கூச்சப்பட்டாலும். மலக்குடல் அடைத்துக்கொண்டால் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும்; குழந்தைகளிடம் இது நிறையவே உண்டு. சீழ் அணுக்கள் தொடர்ந்து இருந்தும் கிருமி வளராதபோது, காசநோயும் பட்டியலில் சேரும்.

வலியோடு குளிர்க்காய்ச்சலோ வாந்தியோ இருந்தால், சிறுநீர் நின்றுபோனால், கர்ப்ப காலத்தில் இத்தொல்லை வந்தால், அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். சிறுநீரில் இரத்தம் தெரிந்து வலி இல்லையென்றால் பலர் நிம்மதியடைந்து தள்ளிப்போடுகிறார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தலைகாட்டும், புகைப்பவர்களிடம் கூடுதலாக. ஒரே முறை தெரிந்து நின்றுபோயிருந்தாலும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.