ரெப்பரேஷன்: இழப்பீடா, பரிகாரமா, பிழையீடா?

மதுரையில் ‘ஃபேன் ரிப்பேர்’ என்றால் ஃபேன் ஓடவில்லை என்று அர்த்தம். லத்தீனில் ‘ரெபராரே’ என்றால் பழுது நீக்குவது. அதில் பிறந்த சொல்லை நாம் பழுதுக்கே பெயராக்கிவிட்டோம். ரிப்பேரின் உடன்பிறப்புதான் ரெப்பரேஷன். ஒரு மக்கள்கூட்டத்துக்கு அநீதி செய்த அரசு அதை ஒப்புக்கொண்டு, பறித்ததற்குப் பணமோ நிலமோ தருவது.

பத்திரிகைகள் இதை ‘இழப்பீடு’ என்கின்றன. எனக்கு அது போதவில்லை. நான்குவழிச் சாலைக்குத் தோட்டத்தைக் கொடுக்கும் திருமங்கலத்து விவசாயிக்கு வருவதும் இழப்பீடுதான். அங்கே யாரும் தப்பு செய்ததாகப் பேச்சே இல்லை. இன்னொன்று: 1833இல் பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அடிமைகளுக்கா? இல்லை, அடிமைகளை ‘இழந்த’ முதலாளிகளுக்கு. இழப்பீடு என்ற சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்தித் தொலைக்கிறது.

‘பரிகாரம்’ என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் நம்மூரில் பரிகாரம் செய்வது யார்? ஜாதகத்தில் தோஷம் என்று கேட்டு, கையில் எள் தீபத்தோடு கோயிலைச் சுற்றுபவர்; அதாவது, கஷ்டப்படுபவர். அடித்தவன் வீட்டில் உட்கார்ந்திருக்க, அடிபட்டவன் விளக்குப் போடுவதா?

சரி, ‘பிழையீடு’, அதாவது பிழைக்குத் தரும் ஈடு என்று சொன்னால் என்ன? ‘அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று’ என்கிறது சிலப்பதிகாரப் பதிகம். ஆட்சியில் நேர்ந்த தவறுக்குப் ‘பிழை’ என்ற சொல் இந்த மதுரைக் கதையிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரில் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தர 1988இல் அமெரிக்கா சட்டம் போட்டது. அதே சட்டத்தில் மன்னிப்பும் இருந்தது. அதற்குப் பெயர் பிழையீடு.

அப்புறம் ‘ஈடு’. படு பாடாவதுபோல, இடு நீண்டு ஈடாகும். இட்லித் தட்டில் மாவை ஊற்றி எடுப்பது ஒரு ஈடு. சமமும் ஈடு, அடகும் ஈடு. நகையை ஈடு வைத்தால் ஒருநாள் மீட்க வேண்டும். ஆகவே நிலம் என்று வரும்போது நம் மக்கள் வாயில் வருவது ஈடு அல்ல, மீட்பு. 1892இல் சென்னை மாகாண அரசின் ஆணைப்படி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். 10 ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் அதே பிரிவினருக்கே விற்கலாம் என்று நிபந்தனை. அப்படியும் பெரும்பகுதி கைமாறிப்போனது. சுவரொட்டிகளில் ‘பஞ்சமி நில மீட்பு’ என்றே பார்க்கிறோம். பஞ்சமி நில இழப்பீடு என்று யாரும் எழுதுவதில்லை.

அமெரிக்காவிலும் நிலம் இப்படிக் கைமாறியது. 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரில் அரசுப் படையை நடத்திய ஜெனரல் ஷெர்மன், விடுதலையான கறுப்பினக் குடும்பங்களுக்குக் கடலோர நிலத்தில் 40 ஏக்கர் வரை தர ஆணையிட்டார். அந்த ஆண்டே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய பண்ணையாளர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்.

லகோட்டா பழங்குடிகளின் கறுப்பு மலைகளை அமெரிக்கா பறித்தது 1877இல். அதற்கு வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் வாங்கவில்லை, மலையைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பணம் குட்டிபோட்டு 100 கோடியைத் தாண்டி, அரசுக் கணக்கிலேயே கிடக்கிறது.