சொல் விளக்கம்: ஸ்கிரீனிங்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய ரீல்ஸ் மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிற நம் பெண்களின் போன்களுக்கும் வருகின்றன. பேச்சு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கீழே தமிழ் வரி ஓடும். அதில் 'ஸ்கிரீனிங்' என்பது 'திரையிடல்' ஆகிவிடுகிறது. திரையிடல் என்றால் தியேட்டரில் படம் காட்டுவது. அதை வாசிக்கிறவருக்கு என்ன புரியும்?

ஆங்கிலத்தில் ஸ்கிரீன் முதலில் அடுப்பனல் மேலே படாமல் மறைக்கும் தடுப்பு. அப்புறம் நிலக்கரி, சரளை சலிக்கும் பெரிய சல்லடைக்கும் அந்தப் பெயர் வந்தது. மருத்துவத்துக்குப் பொருந்துவது இந்தச் சல்லடைப் பொருள்தான்: எந்தத் தொந்தரவும் இல்லாத பலரைச் சோதித்து, மேற்கொண்டு பார்க்க வேண்டிய சிலரைப் பிரித்தெடுப்பது.

'தொந்தரவு இல்லாத' என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். "ரத்தப்போக்கு இருந்தால் ஸ்கிரீனிங் செய்துகொள்ளுங்கள்" என்று ஒரு வீடியோ சொன்னால் அது தவறு. வழக்கத்துக்கு மாறான ரத்தப்போக்கு இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அங்கே நடப்பது நோயறிதல். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்கிற, முப்பதைத் தாண்டிய அக்காவுக்குத்தான் ஸ்கிரீனிங். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸின் தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இடையில் செல்களில் வரும் மாற்றத்தைக் கண்டுபிடித்தால் புற்றுநோய் வருமுன்பே அகற்றிவிடலாம். 'பாசிட்டிவ்' என்று வந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கால்போஸ்கோபியும் (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது), தேவைப்பட்டால் பயாப்ஸியும் (சிறு துண்டு திசு எடுத்துச் சோதிப்பது) செய்துதான் முடிவு சொல்வார்கள். வீடியோக்கள் இதைச் சொல்லாமல் விடும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பயந்துபோன பெண் அடுத்த சோதனைக்கு வரமாட்டார்.

பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது), எச்பிவி சோதனை, வயா (VIA) மூன்றும் ஸ்கிரீனிங் முறைகளே. வயாவில் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெளுத்த இடம் தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் மும்பைக் குடிசைப் பகுதிகளில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு இதைச் செய்தது. சுமார் 1.5 லட்சம் பெண்களை வைத்து நடந்த அந்த ஆய்வில், வயா செய்யப்பட்ட பகுதிகளில் இந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'சல்லடைச் சோதனை' மூலத்துக்கு நெருக்கம், ஆனால் யார் வாயிலும் வராது. வெறும் 'பரிசோதனை' என்றால் நோயறிதலோடு குழம்பும். 'முன்பரிசோதனை' என்பதே என் தேர்வு. வீடியோவில் இப்படி எழுதலாம்: "கர்ப்பப்பை வாய் முன்பரிசோதனை: 30 வயதுக்கு மேல், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும்."