சமூக அறிவியலில் மைனர்: பெயர் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கான புதிய கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) கட்டமைப்பை வெளியிட்டது. மைனர் பற்றிய விதிகள் அதில்தான் இருக்கின்றன. மேஜர் என்பது நீங்கள் பட்டம் வாங்கும் பாடம். அதோடு இன்னொரு துறையில் போதுமான அளவு பேப்பர்கள் முடித்தால் அந்தத் துறை உங்கள் மைனர். இயற்பியல் படிக்கிறவர் சமூகவியலை மைனராக எடுக்கலாம், தடையில்லை.

முதலில் இது யாருக்குப் பொருந்தும் என்று பார்த்துவிடுவோம். தமிழக அரசுப் பல்கலைக்கழகங்களின் கீழ் உள்ள கல்லூரிகளில் பெரும்பாலும் பழைய 'அலைடு' முறைதான், அதாவது மேஜரோடு ஒரு துணைப் பாடம். என்ன அலைடு என்பதைப் பாடத்திட்டமே சொல்லிவிடும். மாணவர் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. மைனரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் வருவது மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் புதுச்சேரி, காரைக்கால் கல்லூரிகளில் சேருகிறவர்களும், டெல்லிக்குப் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸுக்கு 160. இதில் மைனருக்கு முறையே 24, 32. ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டர் முழுக்க 15 மணி நேர வகுப்பு. செய்முறை என்றால் 30 மணி. நான்கு கிரெடிட் பேப்பருக்கு 60 மணி நேரம் உட்கார வேண்டும். அப்படி ஆறு பேப்பர் சேர்ந்தால் 24.

ஆனால் அந்த 24-ம் நீங்கள் விரும்பிய துறைக்கே போகும் என்று நினைக்க வேண்டாம். மைனர் பிரிவுக்குள் குறைந்தது 12 கிரெடிட்டைத் தொழிற்கல்விப் பேப்பர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது யுஜிசி. அப்படிப் பார்த்தால் மூன்றாண்டுப் பட்டத்தில் அரசியல் அறிவியலுக்கென்று மிஞ்சுவது மூன்றே பேப்பராகவும் இருக்கலாம். உங்கள் கல்லூரி இதை எப்படிப் பிரித்திருக்கிறது என்று துறைத் தலைவரிடமே கேட்டுவிடுங்கள். விளக்கக் கையேட்டில் இது பளிச்சென்று தெரியாது.

மைனர் எது என்று அறிவிப்பது இரண்டாவது செமஸ்டர் முடிவில். முதல் வருடத்தை ருசி பார்க்க விட்டிருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. அந்த வருடத்தில் பொருளியலில் ஒன்று, உளவியலில் ஒன்று என்று எடுத்துப் பார்க்கலாம். பல்துறைப் பேப்பர்கள் என்று 9 கிரெடிட் தனியாக இருக்கிறது, அதில் மட்டும் ஒரு கட்டுப்பாடு: பிளஸ் டூவில் படித்த பாடத்தையே அங்கே மறுபடி எடுக்க முடியாது.

அறிவித்த பிறகு சிதறவிடக் கூடாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இது கறாராக இருக்கிறது. அங்கே நான்காண்டுக்கு மொத்தம் 176 கிரெடிட். ஹானர்ஸ் மாணவருக்கு மைனர் வேண்டுமென்றால் ஒரே துறையின் பொது விருப்பப் பாடங்களில் (மற்றத் துறை மாணவர்களுக்காக வைக்கும் பேப்பர்கள்) 28 கிரெடிட், அதாவது ஏழு பேப்பர் முடித்திருக்க வேண்டும். மைனர் கிடைப்பதும் எட்டாவது செமஸ்டர் முடித்த பிறகுதான். இந்த செமஸ்டர் உளவியல், அடுத்த செமஸ்டர் வரலாறு, அப்புறம் சமூகவியல் என்று ரசனைக்கு எடுத்துக்கொண்டே போனால் எல்லாவற்றிலும் தேறியிருப்பீர்கள். மைனர் மட்டும் இருக்காது. ரசனைக்குப் படிப்பதில் தப்பில்லை, தெரிந்து செய்தால் போதும்.

எந்தத் துறை? என் கருத்து, மேஜரில் கிடைக்காத ஒரு கருவியைத் தருகிற துறையை எடுங்கள். கணிதம் படிக்கிறவருக்குப் பொருளியல் நன்றாகப் பொருந்தும். வணிகவியல் மாணவர்கள் கூட்டமாகப் பொருளியலுக்கே போகிறார்கள். பாதி தெரிந்ததையே திரும்பக் கேட்பதைவிட அரசியல் அறிவியலோ உளவியலோ அவர்களுக்கு அதிகம் கொடுக்கும். புவியியல் மைனரில் கணினி வரைபடம், அதாவது ஜிஐஎஸ் பேப்பர் இருந்தால் விடாதீர்கள். பேப்பர் எண்ணையும் பாருங்கள்: 100-199 அடிப்படை, 200-299 இடைநிலை, 300-க்கு மேல் உயர்நிலை. ஒரு துறை மற்ற மாணவர்களுக்கு 100-வரிசைப் பேப்பர்களை மட்டுமே திறந்து வைத்திருந்தால், அங்கே மைனர் எடுத்து ஆழம் வராது.

ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கேந்திரிய வித்யாலயாவில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் ஆகிய நான்கில் இரண்டு படித்திருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருந்தே ஆக வேண்டும். பொருளியல் மேஜர், அரசியல் அறிவியல் மைனர் என்று முடித்தவர் இங்கே அடிபட்டுப் போவார். எத்தனை ஆண்டு படித்திருக்க வேண்டும், மைனர் கணக்கில் வருமா என்பதை அந்தந்த அறிவிப்பில் வரி விடாமல் படிக்க வேண்டும்.

குடிமைப் பணித் தேர்வுக்காகத்தான் சமூகவியல் மைனர் என்று சொல்கிறவர்கள் நிறைய. விருப்பப் பாடத்துக்கு 500 மதிப்பெண் உண்டு, உண்மைதான். ஆனால் அதைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. படித்திருந்தால் உதவும், அவ்வளவே. முதுகலைக்கு மைனர் நேரடியாகவே பயன்படும்: யுஜிசி விதிப்படி மேஜரிலோ மைனரிலோ முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டும் இல்லாத துறைக்குக்கூட, அந்தத் துறையின் நுழைவுத் தேர்வில் தேறினால் வழி இருக்கிறது.

உங்கள் கல்லூரியில் இல்லாத பேப்பரை மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் படித்தும் கிரெடிட் வாங்கலாம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை இதற்கு அனுமதி. பணம் கட்டித் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன், அது மைனர் கணக்கில் சேருமா என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய கிரெடிட் எல்லாம் அகாடமிக் பாங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற, மாணவரின் கிரெடிட்டைச் சேமித்து வைக்கும் இணையக் கணக்கில் ஏறும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவு வந்ததும் உள்ளே போய்ப் பாருங்கள். விட்டுப்போன பேப்பரை அப்போதே சொன்னால் அலுவலகத்தில் சரிசெய்வது எளிது. மூன்றாம் வருடம் போய் நின்றால் அலைய வேண்டியிருக்கும்.